துவர்ப்பும் டானினும்: நாட்பட்ட அழற்சி நோய்க்கான நாஞ்சில் நாட்டு மூலிகைகள் குறித்த எழுத்துகளில் ஒரு சொற்குழப்பம்

ஆய்வுச் சுருக்கம்

மூட்டழற்சி முதலிய நாட்பட்ட நோய்களுக்குத் தாவர டானின்கள் இயற்கை மருந்தாகும் என்னும் கருத்து, தமிழில் எழுதப்படும் மூலிகை ஆய்வுரைகளில் பரவலாக இடம்பெறுகிறது. சித்த மருத்துவம் கூறும் ‘துவர்ப்பு’ என்னும் சுவையையும் வேதியியல் கூறும் டானின் என்னும் சேர்மத் தொகுதியையும் ஒன்றெனக் கொள்வதே இக்கருத்தின் அடிப்படை. இச்சமன்பாடு சித்த மருத்துவக் கோட்பாட்டுக்கும் வேதியியலுக்கும் ஒருங்கே முரணானது என்பதைக் கன்னியாகுமரி மாவட்ட வழக்குகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது. டானின் எங்கே பயன்தரும், எங்கே தராது என்பதையும் வரையறுக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: துவர்ப்பு, டானின், அழற்சி, வாதம், குணபாடம், கடுக்காய், பாக்கு, நாஞ்சில் நாடு.

முன்னுரை

மூலிகை ஆய்வாளர்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டம் வளமான களமாகும். அகத்தீஸ்வரம் வட்டத்தில் மருந்துவாழ்மலை உள்ளது. வடக்கே கீரிப்பாறை, பேச்சிப்பாறை ஆகிய பகுதிகளைச் சார்ந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகள் பரவியுள்ளன. காணி மக்களின் மூலிகை அறிவும், ஆசான்மார் வழிவந்த வர்ம மருத்துவமும் இங்கு இன்றும் வழக்கிலுள்ளன. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றன. 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்துடன் இணையும் வரை இப்பகுதி மலையாள நாட்டுடன் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தது. ஆகவே சித்த, ஆயுர்வேத மரபுகளின் சொற்கள் இங்குக் கலந்து வழங்குகின்றன.

இத்தகைய களங்களின் மூலிகைகள் குறித்த எழுத்துகளில் ஒரு வாதமுறை திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. கடுக்காய் துவர்க்கும், துவர்ப்புக்குக் காரணம் டானின், டானின் ஆய்வகச் சோதனையில் அழற்சியைத் தணிக்கிறது, ஆகவே கடுக்காய் மூட்டுவாதத்தைத் தீர்க்கும், இதனைச் சித்தர்கள் முன்னரே அறிந்திருந்தனர் என்பதே அவ்வாதம். ஒவ்வொரு படியும் இயல்பாகத் தோன்றுகிறது. எனினும் எந்தப் படியும் அடுத்த படியைத் தாங்கவில்லை. மூட்டு நோயால் வருந்தும் ஒருவர் எம்மருந்தை உண்பது, எதனை நிறுத்துவது என்று முடிவுசெய்யும்போது இத்தகைய எழுத்துகளே அவர் கைக்குச் சென்று சேர்கின்றன. ஆதலால் இது சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடும் சிக்கலன்று.

டானின்: பதனிடும் தொழில் தந்த பெயர்

டானின் என்னும் பெயர் மருத்துவத்திலிருந்து வந்ததன்று. விலங்குத் தோலைப் பதனிடப் பயன்பட்ட மரப்பட்டைச் சாறுகளைக் குறித்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய வேதியியலாளர் இப்பெயரை வழங்கினர். 1962இல் பேட்ஸ்மித், ஸ்வெயின் ஆகியோர் தந்த வரையறையும் இதனையே தழுவியது. நீரில் கரைவன, 500 முதல் 3000 வரை மூலக்கூறு எடை கொண்டன, புரதங்களையும் ஆல்கலாய்டுகளையும் வீழ்படிவாக்க வல்லன ஆகிய பீனால் சேர்மங்களே டானின்கள் என்பது அவர்தம் கருத்து. அமைப்பு ஒருமையை விட, புரதத்தைப் பற்றிப் பிணைக்கும் செயலே இத்தொகுதியின் பொதுப்பண்பாக அமைந்தது.

தமிழகத் தோல் தொழில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நெடுங்காலம் நம்பியிருந்ததற்கு இப்பண்பே காரணம். நைலான் வருமுன் பருத்தி வலைகள் அழுகாதிருக்கப் பட்டைச் சாற்றிலும் காய்ச் சாற்றிலும் மீனவர் அவற்றை ஊறவைத்ததும் டானினின் பயனறிந்தே. முந்திரிப் பருப்பின் செந்நிற உட்தோலிலும் டானின் மிகுதி. விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களின் ‘அண்டி ஆபீஸ்’களில் பருப்பினின்று உரித்து நீக்கப்படும் இத்தோல், பதனிடு பொருளாகவும் பயன்படத்தக்கது.

வேதியியலார் டானின்களை இரு பெரும் வகைகளாகப் பகுப்பர். நீராற்பகுப்படையும் டானின்கள் ஒருவகை. கடுக்காய், தான்றிக்காய், மாதுளந்தோல், கிராம்பு ஆகியவற்றில் இவை உள்ளன. செறிவுற்ற டானின்கள் மற்றொரு வகை; பாக்கிலும் முந்திரித் தோலிலும் இவை சிறப்பாகக் காணப்படும். உடலில் இவ்விரு வகைகளும் அடையும் மாற்றங்கள் வேறுவேறு. ‘டானின் உள்ளது’ என்ற ஒற்றைக் கூற்று, ‘மாவுப்பொருள் உள்ளது’ என்பதற்கு ஒப்பான பொதுமையுடையது.

துவர்ப்பு டானின் ஆகுமா?

டானினைத் தமிழில் ‘துவர்ப்புச் சத்து’ என எழுதும் வழக்கம் உண்டு. பாடநூலுக்கு எளிமையாக அமைந்த இச்சொல், ஆய்வில் ஒரு முடிவை முன்கூட்டியே திணித்துவிடுகிறது. துவர்ப்பு என்று ஏட்டில் கண்ட இடமெல்லாம் டானின் என வாசிக்க அது இடமளிக்கிறது.

நாவில் துவர்ப்பு தோன்றுவதற்குரிய ஒரு காரணம் டானின் என்பது மெய்யே. உமிழ்நீரிலுள்ள புரதங்களை அது பிணைப்பதால் வழுவழுப்பு நீங்கி வாய் இறுகுகிறது. இக்கால உடலியலார் பலர் துவர்ப்பைச் சுவையென்று கொள்ளாது தொடுவுணர்வு என்றே கருதுகின்றனர். எனினும் துவர்ப்புக்கு டானின் ஒன்றே காரணமன்று. படிகாரம் துவர்க்கும்; அது அலுமினிய உப்பு, அதில் டானின் இல்லை. மறுதலையாக, மட்டி முதலிய வாழையினங்களின் காய் துவர்க்கும், பழம் துவர்க்காது. கனியும்போது டானின் பெருமளவு கரையாத நிலையை அடைந்து, உமிழ்நீருடன் வினைபுரியாதொழிகிறது. ஆகவே டானின் இன்றித் துவர்ப்பு உண்டு. துவர்ப்பு இன்றி டானினும் உண்டு.

நாஞ்சில் நாட்டுச் சொல்வழக்கு இக்குழப்பத்தை மேலும் பெருக்குகிறது. வடமொழியில் ‘கஷாயம்’ என்பது துவர்ப்புச் சுவையையும் காய்ச்சி வடித்த மருந்து நீரையும் குறிக்கும். தமிழ் சித்த மரபு பின்னதைக் ‘குடிநீர்’ எனப் பிரித்துரைக்கும். கன்னியாகுமரி மாவட்டப் பேச்சிலோ சுக்கும் மிளகும் இட்டுக் காய்ச்சியதும் ‘கசாயம்’தான், அது காரமுடையதேயன்றித் துவர்ப்புடையதன்று. மலையாளமும் வடமொழியும் கலந்த ஏடுகளை இப்பகுதியில் படிக்கும் ஆய்வாளர், இச்சொல் எவ்விடத்துச் சுவையைச் சுட்டுகிறது, எவ்விடத்து மருந்து வடிவைச் சுட்டுகிறது என்று தெளியாமல் டானின் பட்டியல் அமைத்தல் பொருந்தாது.

அழலும் அழற்சியும்

இரண்டாவது சொற்குழப்பம் ‘அழற்சி’ என்பதில் உள்ளது. பழைய மருத்துவ வழக்கில் ‘தாபிதம்’ எனப்பட்டதை இக்காலக் கலைச்சொல்லாக்கம் ‘அழற்சி’ என்றது. அழல் என்பது சித்த மருத்துவத்தில் பித்தத்தின் பெயர். வளி, அழல், ஐயம் என்பன வாத பித்த கபங்களைக் குறிக்கும். ஆகவே ‘நாட்பட்ட அழற்சி நோய்’ என்று எழுதியவுடன், அது அழல் மிகுதியால் வந்த நோய் போன்ற தோற்றம் கொள்கிறது. பித்தத்தைத் தணிக்கும் சுவைகளுள் துவர்ப்பும் ஒன்று. எனவே ‘துவர்ப்பு அழற்சியைத் தணிக்கும்’ என்ற தொடர், சித்தக் கோட்பாட்டின் இயல்பான முடிவு போல ஒலிக்கிறது.

ஆயினும் மூட்டு நோய்களைச் சித்த நூல்கள் முதன்மையாக வாதத்துள் அடக்குகின்றன. யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 என வகுக்கிறது. இக்கால முடக்குவாதத்துடன் பெரும்பாலும் ஒப்பிடப்படும் உதிரவாத சுரோணிதமும் வாத நோயே. துவர்ப்போ மண்ணும் காற்றும் கூடிய சுவை எனப்படுவது. வாதத்தை மிகுவிக்கும் சுவைகளுள் வைத்து எண்ணப்படுவது. சித்த மருத்துவத்தின் சொந்த நெறிப்படி, துவர்ப்பு மிகுந்த உணவு மூட்டு நோயாளிக்கு ஆகாததாகவே கருதப்படும். டானின் வாதமுறை சித்தர்களைப் போற்றுவதாகத் தோன்றினும், அவர்தம் கோட்பாட்டை இவ்விடத்தில் தலைகீழாக்கிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். அழல் கீல்வாயு, வளியழல் கீல்வாயு ஆகிய பெயர்களில் அழலும் சேர்ந்தே நிற்கின்றது என்பது அது. மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆனால் அது சமன்பாட்டைக் காக்கவில்லை. எக்குற்றம் முதலில் மிகுந்தது, எது அதனுடன் சேர்ந்தது என்று ஒவ்வொரு நோயாளியிடமும் நாடியறிந்தே மருந்து தேரவேண்டும் என்பதையே அப்பெயர்கள் காட்டுகின்றன. அவ்வாறு நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்து தெளிதல் திருக்குறளின் மருந்து அதிகாரமும் வற்புறுத்தும் நெறியாகும்.

குணபாடம் காட்டும் வழி

முருகேச முதலியாரின் குணபாடம் மூலிகை வகுப்பு ஒவ்வொரு சரக்குக்கும் சுவை, தன்மை, பிரிவு ஆகிய மூன்றையும் முறையே கூறிச் செய்கைகளைத் தனியே தருகிறது. கடுக்காய் துவர்ப்பை முதன்மையாகக் கொண்டு பிற சுவைகளும் உடையது, வெப்பத் தன்மையது, இனிப்புப் பிரிவினது. நெல்லிக்காய் தட்பத் தன்மையது. அதுவும் இனிப்புப் பிரிவினது. பிரிவு என்பது செரித்தபின் சரக்கு அடையும் நிலை. நாவில் துவர்ப்பது உடலில் துவர்ப்பாகவே செயற்படும் என்று இந்நூல் கொள்ளவில்லை. துவர்ப்பி, வீக்கமுருக்கி என்னும் செய்கைப் பெயர்களும் மரபில் வேறுவேறாகவே நிற்கின்றன. சுவையை மட்டும் பிய்த்தெடுத்து டானினுடன் ஒட்டுவோர் தன்மையையும் பிரிவையும் விட்டுவிடுகின்றனர்.

இங்கு வேறொரு ஒப்பீடு ஆய்வாளரை ஈர்க்கக்கூடும். கடுக்காய், மாதுளை ஆகியவற்றின் எலாஜிடானின்கள் பெருமூலக்கூறுகள். அவை அப்படியே குருதியில் சேர்வது மிகக் குறைவு. குடலில் அவை எலாஜிக் அமிலமாகி, பின் குடல்வாழ் நுண்ணுயிர்களால் யூரோலிதின்களாக மாறுகின்றன. குருதியை அடைவன பெரும்பாலும் இவையே. ‘பிரிவு’ என்பதும் யூரோலிதின் ஆக்கமும் ஒன்றே என்று எழுதிவிடலாம் எனத் தோன்றும். அது பழைய பிழையின் புதிய வடிவமாகவே முடியும். செரிமானத்துக்குப் பின் என்ன ஆகிறது என்னும் வினா இரு மரபுகளுக்கும் உண்டு, விடைகள் வேறு. அவ்வினாவை எழுப்பாத ஆய்வு இரு மரபுகளின் நோக்கிலும் குறையுடையது என்பதே இவ்வொப்பீட்டால் பெறத்தக்க முடிவு.

யூரோலிதின் ஆக்கம் எல்லோர்க்கும் ஒன்றுபோல் நிகழ்வதுமில்லை. குடல் நுண்ணுயிர்களைப் பொறுத்து மக்கள் வேறுபடுகின்றனர். சிலரிடம் அது உருவாவதே இல்லை. ஒரே கடுக்காய்த் தூள் இருவருக்கு வேறுவேறு பயன் தருவதற்கு இஃது ஒரு காரணமாகலாம்.

ஆய்வகச் சான்றின் எல்லைகள்

மூலிகைச் சாற்றின் அழற்சி எதிர்ப்புத் திறனைக் காட்டப் பலரும் கையாளும் எளிய சோதனை, வெப்பத்தால் அல்புமின் புரதம் இயல்பு திரிவதைச் சாறு தடுக்கிறதா என்று கலங்கலை அளந்து பார்ப்பதாகும். டானினோ புரதத்தைப் பிணைத்து வீழ்படிவாக்குவதையே இயல்பாக உடையது. அதனைப் புரதக் கரைசலில் இட்டுக் கலங்கலை அளந்தால், கிடைக்கும் எண் அழற்சியைப் பற்றியதா, பதனிடலைப் பற்றியதா என்று பிரித்தறிய இயலாது. நொதித் தடைச் சோதனைகளுக்கும் இதுவே பொருந்தும். நொதிகளும் புரதங்களே, டானின் அவற்றைத் தேர்வின்றிப் பிணைக்கும். டானினை நீக்கிய சாற்றையும் உடன்வைத்துச் சோதித்து வேறுபாட்டைக் காட்டினாலன்றி அம்முடிவுகள் சான்றாக நில்லா.

விலங்குச் சோதனைகளுள் பெருவழக்கானது, எலியின் பாதத்தில் கேரஜீனன் செலுத்தி வீக்கத்தை அளப்பது. இவ்வீக்கம் சில மணி நேரத்தில் எழுந்து தணியும் கடிய அழற்சி. அதனைக் கொண்டு பல்லாண்டு நீடித்து எலும்பை அரிக்கும் நோய்க்கு முடிவு கூறுதல் தகாது. கண்ணாடிக் கலத்தில் பயன்தந்த செறிவு, அம்மருந்தை உண்டவர் குருதியில் எட்டப்படுமா என்பதும் தனித்துக் காட்டப்பட வேண்டியதே.

மேலை மருத்துவ வரலாற்றிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1925இல் அமெரிக்க மருத்துவர் டேவிட்சன் தீப்புண்ணுக்கு டானிக் அமிலத்தைப் பூசும் முறையை முன்வைத்தார். புண்ணின் மேற்பரப்பு பதனிட்டது போல் இறுகி நீரிழப்புக் குறைந்தமையால் அம்முறை விரைந்து பரவியது. பின்னர் கல்லீரல் கேடு கண்டறியப்பட்டு 1940களில் அது கைவிடப்பட்டது. தாவரத்தினின்று பெற்றது என்பது தீங்கின்மைக்குச் சான்றாகாது.

பாக்கு: டானினின் மறுபக்கம்

டானின் அழற்சியைத் தணிக்கும் என்ற பொதுக்கூற்றுக்கு நாஞ்சில் நாட்டின் வெற்றிலைச் செல்லத்திலேயே மறுப்பு உள்ளது. பாக்கு செறிவுற்ற டானின் மிகுந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தன் 85ஆம் தொகுதியில், புகையிலை சேராத பாக்கையும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் வகைப் பொருளாக வகைப்படுத்தியது. நீண்டநாள் பாக்கு மெல்வோர்க்கு வாயின் உட்தோல் தடித்து இறுகி, வாய் திறக்க இயலாத நிலை தோன்றுகிறது. பாக்கிலுள்ள அரிகோலின் நார்த்திசு ஆக்கத்தைத் தூண்ட, டானின் அங்குள்ள கொலாஜனைப் பிணைத்து அது இயல்பாகச் சிதையாமல் தடுக்கிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. தோல் பதனிடும் தொட்டியில் நிகழ்வது வாயில் நிகழ்கிறது எனலாம். பிணைக்கும் அதே பண்பு ஓரிடத்தில் நன்மையாகவும் ஓரிடத்தில் நாட்பட்ட நோயாகவும் விளைகிறது.

மற்றொன்று இரும்புச்சத்து. உணவுடன் கொள்ளும் டானின் தாவர உணவின் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கிறது. நாட்பட்ட அழற்சி நோயாளரிடம் குருதிச்சோகை முன்னரே மிகுதி. மூட்டு வலியுடன் சோகையும் உள்ள ஒரு பெண்ணுக்கு உணவோடு துவர்ப்புக் குடிநீரை நாளும் பரிந்துரைக்கும் கட்டுரை, இதனைக் குறிப்பிடாது விடுவது பொறுப்பின்மையாகும்.

பொருந்தும் இடங்கள்

இத்திறனாய்வு டானினுக்கு மருத்துவப் பயன் இல்லை என்று கூறவில்லை. அது நேரடியாகத் தொடும் இடங்களில் அதன் செயல் தெளிவானது. புண் கழுவவும், பல்லீறு குருதிக் கசிவுக்கு வாய் கொப்பளிக்கவும், கழிச்சலுக்கு உள்ளே கொடுக்கவும் துவர்ப்புச் சரக்குகளை நாட்டு மருத்துவம் கையாண்டு வருகிறது. திரிபலை நீரால் புண் கழுவுதல் இதற்கு நல்ல சான்று. மேலை மருத்துவமும் டானினையும் அல்புமினையும் சேர்த்த மருந்தைக் கழிச்சலுக்கு வழங்கியதுண்டு. பெருங்குடலின் நாட்பட்ட அழற்சி நோய்களில் டானினை ஆராய்வதற்கு, மூட்டு நோயில் ஆராய்வதைக் காட்டிலும் வலுவான நியாயம் உண்டு; அங்கு மருந்து நோயிடத்தைத் தொடுகிறது.

மாறாக, மூட்டு நோய்க்குக் கன்னியாகுமரி ஆசான்மார் சிறப்பாகக் கையாள்வன தைலங்களும் தொக்கணமும் ஒற்றடமும் கட்டும் வர்ம இளக்கமுறைகளும். டானின் நீரில் கரைவது; எண்ணெயில் அரிதாகவே கரைவது. குடிநீர் சேர்த்துத் தைலம் காய்ச்சினும், நீர் வற்றியபின் அதன் பெரும்பகுதி வண்டலில் தங்கும். ஆகவே இம்மாவட்டம் மூட்டு நோய்க்குப் பெயர்பெற்ற மருத்துவமுறையை விளக்க டானின் உதவாது. டானினையே தேடிச் செல்லும் களஆய்வு, ஆசானின் கைத்திறனையும் பக்குவ அறிவையும் பதிவுசெய்யாமலே திரும்பிவிடும் இடர் உண்டு.

ஆய்வாளர் கடைப்பிடிக்கத்தக்க நெறிகள்

மேற்கண்ட விவாதத்தால் சில நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, டானின் என்பதை வேதியியற் சொல்லாகவும் துவர்ப்பு என்பதைச் சுவைப் பெயராகவும் பிரித்தே எழுதுதல் வேண்டும். ‘துவர்ப்புச் சத்து’ என்பதை ஆய்வுரைகளில் தவிர்த்தல் நலம். இரண்டாவது, டானினின் வகையைச் சுட்ட வேண்டும். மூன்றாவது, பக்குவத்தைப் பதிவுசெய்ய வேண்டும். கடுக்காயின் கொட்டையை நீக்கினரா, எட்டுக்கு ஒன்றாக வற்றக் காய்ச்சினரா என்பன சேர்மத்தையே மாற்றும். நெடுநேரக் கொதிப்பில் நீராற்பகுப்படையும் டானின்கள் சிதைந்து காலிக், எலாஜிக் அமிலங்களாகக்கூடும். நான்காவது, வைத்தியர் நோய்க்கு இட்ட பெயரை அவர் சொன்னவாறே தந்து, இக்கால நோய்ப்பெயரை ஒப்பீடாக மட்டும் அருகில் வைக்க வேண்டும். ஐந்தாவது, சோதனையின் வகையையும் எல்லையையும் கூறாமல் ‘நாட்பட்ட’ என்னும் அடையைப் பயன்படுத்தலாகாது.

முடிவுரை

துவர்ப்பை டானினாகவும் வாத நோயை அழற்சியாகவும் பெயர்த்தபின், இரு பெயர்ப்புகளையும் இணைத்துப் பெறப்பட்டதே ‘டானின் மூட்டுவாதத்தைத் தீர்க்கும்’ என்னும் முடிவு. அம்முடிவைச் சித்த நூல் கூறவில்லை; வேதியியலும் இதுவரை நிறுவவில்லை. முடக்குவாதத்தில் மூட்டு அரிப்பு ஏற்பட்டபின் அதனை மீட்பது அரிது. ஆகவே தொடக்க மாதங்களிலேயே மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைத் தொடங்குவது இன்றைய மருத்துவ நெறியாக உள்ளது. ஆய்வுத் தகுதி பெற்ற ஒரு கட்டுரையை நம்பி நோயாளி ஒருவர் அம்மருந்தை நிறுத்திக் கடுக்காய்க் குடிநீரை மட்டும் பருகினால், அவர் இழக்கும் காலம் திரும்பி வராது.

கடுக்காயும் நெல்லியும் தான்றியும் மதிப்புடைய மருந்துகளே. அவற்றின் மதிப்பைக் காட்ட ஓர் ஆங்கிலச் சேர்மப் பெயர் இன்றியமையாததன்று. சுவை, தன்மை, பிரிவு, பக்குவம் ஆகிய நான்கையும் சிதையாமல் பதிவுசெய்து, சேர்ம ஆய்வை அதன் எல்லைக்குள் நிறுத்தி எழுதும் ஆய்வே நாஞ்சில் நாட்டு மருத்துவ மரபுக்கும் அதனை நாடிவரும் நோயாளிக்கும் பயன்படும்.